தோல்வி யாருடைய செலவில்?

தோல்வியே வெற்றியின் முதற்படி என்று பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறோம். பரீட்சையில் தவறிய பிள்ளைக்கும், வியாபாரத்தில் நட்டப்பட்ட அயலவருக்கும் இதையே சொல்லித் தேற்றுகிறோம். சொல்பவர் நல்ல மனத்தோடுதான் சொல்லுகிறார். ஆயினும், அன்பான வாசகரே, இவ்வாக்கியத்தை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். படி என்று ஒன்று உண்டானால் அதில் ஏறுபவர் ஒருவர் இருக்கிறார். அப்படியானால் படியாகக் கிடப்பது எது? ஏறுபவருடைய சொந்தப் பணமா, சொந்த உழைப்பா, சொந்த உறக்கமா? அல்லது பிறருடைய பணமும், உழைப்பும், சில வேளைகளில் உயிருமா? இக்கேள்வியைக் கேளாமல் தோல்வியைப் புகழ்வது அரைகுறையான அறிவுரையாகும்.

இதனை வெறும் தத்துவமாகப் பேசுவதை விட, உலகம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டை முன்வைத்துச் சிந்திப்பது நல்லது. வானத்துக்கு றொக்கற் விடப் புறப்பட்ட ஒரு தனியார் கம்பனியின் கதையை எடுத்துக்கொள்வோம்.

பெருநோக்கும் மூன்று வீழ்ச்சிகளும்

2002ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 'ஸ்பேஸ் எக்ஸ்' என்ற கம்பனி தொடங்கப்பட்டது. நிறுவியவர் தென்னாபிரிக்காவிற் பிறந்த எலோன் மஸ்க். இணையத்தின் வழியாகப் பணம் செலுத்த உதவும் 'பேபால்' நிறுவனம் அவ்வாண்டில் ஏறக்குறைய 150 கோடி டொலருக்கு விற்கப்பட்டபோது அவருக்கும் பெரும் பங்கு கிடைத்தது. அதிலிருந்து ஏறக்குறைய 10 கோடி டொலரை அவர் இப்புதிய முயற்சியில் இட்டார். மனிதர் பூமியில் மட்டுமன்றிச் செவ்வாய்க் கிரகத்திலும் குடியேற வேண்டும் என்பதே அவர் சொன்ன நோக்கம். முதலில் ரஷ்யாவிடமிருந்து றொக்கற் வாங்க முயன்றார். விலை கட்டுப்படவில்லை. ஒரு றொக்கற்றின் விலையில் அதற்கு வேண்டிய உலோகத்துக்கும் மூலப்பொருட்களுக்கும் ஆகும் செலவு மிகச் சிறு பங்கே என்று கணக்குப் பார்த்தார். தாமே செய்யலாம் என்று துணிந்தார்.

'பல்கன் 1' என்று பெயரிடப்பட்ட அந்த றொக்கற் ஏறக்குறைய 21 மீற்றர் உயரமானது. மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த எரிபொருளையும் திரவ ஒட்சிசனையும் எரித்து மேலெழுவது. ஏவுவதற்குத் தெரிந்தெடுத்த இடம் பசிபிக் சமுத்திரத்தில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த குவாஜலீன் பவளத்தீவு வளையம். அங்கே அமெரிக்க இராணுவத்தின் ஏவுகணைப் பரிசோதனைத் தளம் இருக்கிறது. அவ்வளையத்திலுள்ள ஒமெலெக் என்ற, 8 ஏக்கர் அளவேயான சின்னஞ்சிறு தீவில் இளம் பொறியியலாளர்கள் வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்று வேலை செய்தார்கள்.

2006 மார்ச் 24ஆம் திகதி முதலாவது றொக்கற் மேலெழுந்தது. சிறிது நேரத்தில் எரிபொருள் கசிந்து இயந்திரத்தில் தீப்பிடித்தது. அரை நிமிடம் கழிந்ததும் உந்துவிசை நின்றது. றொக்கற் கரைக்கு அருகிற் கடலில் விழுந்தது. அது சுமந்து சென்ற செய்மதி, அமெரிக்க விமானப்படைக் கல்லூரி மாணவர்கள் செய்தது. அது தனியே பறந்துவந்து அதே தீவிலிருந்த கொட்டில் ஒன்றின் கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்தது.

2007 மார்ச் 21ஆம் திகதி இரண்டாவது. இம்முறை விண்வெளியின் எல்லையைத் தாண்டிச் சென்றது. ஆனால் மேலடுக்கின் தாங்கியிலிருந்த திரவம் குடத்துத் தண்ணீர் போல் அலம்பத் தொடங்கி, றொக்கற்றைச் சுழற்றிவிட்டது. சுற்றுப்பாதையை அடையுமுன் இயந்திரம் அணைந்தது. இவ்வாபத்தைப் பொறியியலாளர்கள் அறியாதவர்களல்லர். ஆனால் அவர்கள் தயாரித்த ஆபத்துப் பட்டியலில் முதற் பத்து இடங்களுக்குள் அது வந்திருக்கவில்லை.

2008 ஆகஸ்ட் 3ஆம் திகதி மூன்றாவது. கீழடுக்கு தன் வேலையை முடித்துக் கழன்றது. ஆனால் அணைக்கப்பட்ட பின்னரும் இயந்திரத்தில் எஞ்சியிருந்த சிறிதளவு உந்துதல் அதனை முன்தள்ளியது. அது மேலடுக்கின் மீது மோதியது. அணைப்பதற்கும் கழற்றுவதற்கும் இடையில் இன்னும் சில விநாடிகள் விட்டிருந்தால் அவ்விபத்து நேர்ந்திராது. அரசுக்குரிய சிறு செய்மதிகள் மூன்று அழிந்தன. அவற்றோடு, விண்வெளியில் வைக்கும்படி உறவினர் ஒப்படைத்திருந்த 200க்கு மேற்பட்டோரின் அஸ்தியும் போயிற்று. விண்வெளி வீரர் கோர்டன் கூப்பருடைய அஸ்தியின் ஒரு பகுதியும் அதில் இருந்தது.

இவ்வேளையில் பணமும் ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. மஸ்க்கின் மற்றொரு முயற்சியான மின்சார மோட்டார் வாகனக் கம்பனியும் அவ்வாண்டில் தள்ளாடிக்கொண்டிருந்தது. கையில் மிஞ்சிய பாகங்களைக் கொண்டு இன்னுமொரு றொக்கற் மட்டும் செய்யலாம். கடல்வழி அனுப்ப நேரமில்லாதபடியால் அதை விமானப்படையின் பாரவிமானத்தில் ஏற்றினார்கள். விமானம் கீழிறங்கும்போது வெளியழுத்தம் கூடி, மெல்லிய உலோகத் தாங்கி நெளியத் தொடங்கியது. உள்ளே புகுந்து அழுத்தத்தைச் சமப்படுத்தி ஒருவாறு காப்பாற்றினார்கள். நெளிந்ததைத் தீவிலேயே திருத்தினார்கள். 2008 செப்டெம்பர் 28ஆம் திகதி, மூன்றாவது தோல்விக்கு 8 கிழமைகளின் பின், நான்காவது றொக்கற் 165 கிலோகிராம் எடையுள்ள ஒரு வெற்றுச் சுமையைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. திரவ எரிபொருளால் இயங்கும் றொக்கற் ஒன்றைத் தனியார் கம்பனி தானே உருவாக்கிச் சுற்றுப்பாதைக்கு அனுப்பியது அதுவே முதற்றடவை. அவ்வாண்டு டிசெம்பரில் நாசா நிறுவனம் 12 சரக்குப் பயணங்களுக்காக 160 கோடி டொலர் ஒப்பந்தம் வழங்கியது. கம்பனி பிழைத்தது.

வென்றபடியால் சரியாகுமா?

இக்கதையைக் கேட்ட எவரும் "பார்த்தீர்களா, விடாமுயற்சியின் பலனை!" என்பார்கள். நான் உங்களிடம் ஒரு சங்கடமான கேள்வி கேட்கிறேன். நான்காவது றொக்கற்றும் கடலில் விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "பணக்காரனின் பைத்தியக்காரத்தனம்" என்றல்லவா சொல்லியிருப்போம்? மனிதர் அதே மனிதர். துணிவு அதே துணிவு. முன்யோசனையும் அதே அளவுதான். ஒரு நட்டோ, ஒரு விநாடியோ பிழைத்துப் போவதால் ஒரு மனிதனின் நன்னெறி மாறிவிடுமா?

இது கற்பனைக் கேள்வியன்று. இன்னொரு கம்பனியின் கதை இருக்கிறது. அதை எடுத்துச் சொல்வோர் குறைவு. 1975இல் மேற்கு ஜேர்மனியில் லுட்ஸ் கைசர் என்ற பொறியியலாளர் 'ஒட்ராக்' என்ற தனியார் றொக்கற் கம்பனியைத் தொடங்கினார். விலை மலிந்த, ஒரே மாதிரியான குழாய்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து றொக்கற் செய்வது அவருடைய திட்டம். மோட்டார் வாகனக் கண்ணாடியைத் துடைக்கும் கருவியை இயக்கும் சிறு மோட்டார்களையே அதிற் பொருத்தினார். அமெரிக்காவின் கென்னடி விண்வெளி நிலையத்துக்கு முன்னர் தலைவராயிருந்த கூர்ட் டெபுஸ் அவருக்குத் துணை நின்றார். ஏவுவதற்கு இடம் வேண்டியபோது, ஆபிரிக்காவில் அப்போது ஸயர் எனப்பட்ட நாட்டின் சர்வாதிகாரி மொபுட்டு தம் நாட்டில் ஏறக்குறைய 1,00,000 சதுர கிலோமீற்றர் நிலத்தை அக்கம்பனிக்குக் குத்தகையாக வழங்கினார். நம் இலங்கைத் தீவின் பரப்பளவு 65,610 சதுர கிலோமீற்றர் என்பதை நினைவிற் கொண்டால் அது எத்தகைய குத்தகை என்பது விளங்கும். ஒரு நாட்டு மக்களின் நிலத்தை, அம்மக்களைக் கேளாமல், ஒரு தனி மனிதன் ஒரு கம்பனிக்குக் கையளித்தான்.

1977இலும் 1978 மேயிலும் இரு சிறு றொக்கற்றுகள் நன்றாகவே எழுந்தன. 1978 யூனில், மொபுட்டு நேரில் வந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது வழிமாறி விழுந்தது. அயல்நாடுகளும் வல்லரசுகளும் இதில் இராணுவ நோக்கம் இருக்கிறதென்று ஐயுற்று நெருக்கின. 1979இல் ஒப்பந்தம் முறிந்தது. கம்பனி லிபியாவுக்குச் சென்றது, அங்கும் நிலைக்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் அது மறைந்தே போயிற்று.

துணிவில் கைசர் மஸ்க்குக்குக் குறைந்தவர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவருடைய மூன்று தோல்விகள் பாடப்புத்தகத்தில் ஏறுகின்றன; மற்றவருடைய பெயரே பலருக்குத் தெரியாது. வென்றவனுடைய தோல்விகளை மாத்திரமே உலகம் பாடமாக வாசிக்கிறது. ஆகவே, முடிவை வைத்து முயற்சியை நியாயப்படுத்துவது நீதியல்ல. ஒரு முயற்சி நல்லதா அல்லதா என்பதை, அது தொடங்கும்போது அறியக்கூடியதாயிருந்தவற்றைக் கொண்டே தீர்க்க வேண்டும். அவ்வாறு தீர்ப்பதற்கு நமக்கு அளவுகோல் வேண்டும்.

துணிவு என்பது எது?

பழைய கிரேக்க ஞானி அரிஸ்தோத்தில் துணிவைக் கோழைத்தனத்துக்கும் கண்மூடித்தனத்துக்கும் நடுவே வைத்தார். துணிந்தவன் எதற்கும் அஞ்சாதவன் அல்லன். அஞ்ச வேண்டியதற்கு அஞ்ச வேண்டிய அளவில் அஞ்சி, அதன் பின்னும் நிலைத்து நிற்பவன். 13ஆம் நூற்றாண்டில் அக்குவினாவின் தோமையார் இதனை மேலும் விரித்தார். பெரிய காரியங்களை நாடும் மனத்தை அவர் ஒரு புண்ணியமாகவே கண்டார். அதற்கு இரு பக்கத்திலும் குற்றங்கள் உண்டு. தன் ஆற்றலுக்கு மிஞ்சியதில் தலையிடுவது ஒரு பக்கம். தன்னால் இயன்றதையும் செய்யாமல் ஒதுங்குவது மறுபக்கம். தாலந்தை மண்ணிற் புதைத்த ஊழியனையே இரண்டாவது குற்றத்துக்கு உதாரணமாக அவர் காட்டினார். ஆகவே "நமக்கேன் வானமும் கிரகமும்?" என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பது தாழ்மை என்று எண்ணிவிடலாகாது. அது சில வேளைகளில் தாழ்மையின் உடையை அணிந்த சோம்பலாகவும் இருக்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அரிஸ்தோத்தில் துணிவுக்கு உதாரணம் தேடியபோது, போர்க்களத்திலே தன் உயிரை முன்வைத்து நிற்பவனையே எடுத்தார். அயலவனுடைய உயிரை முன்னே தள்ளிவிட்டுப் பின்னே நிற்பவனை அல்ல. துணிவு என்ற சொல் தன்னுடையதைப் பணயம் வைப்பவனுக்கே உரியது. பிறருடையதைப் பணயம் வைப்பவனுக்கு வேறு சொல் தேட வேண்டும். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒமெலெக் தீவுக்குத் திரும்பிச் செல்வோம்.

முதல் மூன்று றொக்கற்றுகளைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டியவை உண்டு. அவற்றில் மனிதர் எவரும் ஏறிச் செல்லவில்லை. பணத்திற் பெரும்பகுதி உரிமையாளருடையது. சுமை ஏற்றியவர்கள் அது புதிய றொக்கற் என்று அறிந்தே ஏற்றினார்கள். ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். ஒரே காரணத்தால் இருமுறை விழவில்லை. இவை துணிவின் இலக்கணங்களே. ஆகவே அவற்றை, நான்காவது வென்றதனால் அல்ல, இக்காரணங்களினாலேயே நல்ல முயற்சிகள் என்று ஏற்றுக்கொள்ளலாம்.

ஆனால் முதல் தோல்விக்குப் பின் நடந்த ஒன்று மனத்தை உறுத்துகிறது. றொக்கற் விழுந்த சில நாட்களிலேயே, ஏவுதலுக்கு முந்திய நாள் அதில் வேலை செய்த தொழில்நுட்பவியலாளரின் கவனக்குறைவே காரணம் என்று கம்பனியின் தலைமை பொதுவிற் கூறியது. நட்டை இறுக்க மறந்துவிட்டார்கள் என்பதே கருத்து. பின்னர் விசாரணை நடந்தது. நட்டு இறுக்கப்பட்டே இருந்தது. தீவின் உப்புக்காற்றில் அந்த அலுமினிய நட்டு அரிக்கப்பட்டு வெடித்திருந்தது. அடுத்த றொக்கற்றில் அலுமினியத்துக்குப் பதிலாகத் துருப்பிடியாத உருக்கைப் பயன்படுத்தினார்கள். உலோகத்தைத் தெரிவு செய்தவர் யார்? கடற்கரையில் அதை நாட்கணக்காக நிறுத்தி வைக்கத் தீர்மானித்தவர் யார்? குறடு பிடித்த கையை அல்ல, தீர்மானம் எடுத்த தலையையே அக்கேள்விகள் நாடிச் செல்லும்.

வாசகரே, இது எங்கோ பசிபிக் தீவில் மாத்திரம் நடப்பதன்று. ஒரு காரியம் பிழைத்ததும் நம் கண்கள் முதலில் தேடுவது யாரை? பந்தியில் சோறு குறைந்தால் சமையற்காரனை; வள்ளம் கவிழ்ந்தால் சுக்கான் பிடித்தவனை; பள்ளியிற் பெறுபேறு குறைந்தால் கடைசியாய் வந்த ஆசிரியரை. தோல்வியின் முதற் செலவைக் கீழே நிற்பவன் தலையில் கட்டுவது மனித இயல்பாகிவிட்டது. தோல்வியிலிருந்து கற்பது என்றால், உண்மை தெரியும்வரை நாவை அடக்குவதை முதலிற் கற்க வேண்டும்.

ஆளற்ற இடம் என்று ஒன்றில்லை

அடுத்ததாக, 'தனியார்' என்ற சொல்லையும் ஆராய வேண்டும். ஏவுதளம் இராணுவத்தினுடையது, சுமந்த விமானம் விமானப்படையினுடையது, முதலாவது றொக்கற் விழுந்த அதே ஆண்டு ஆகஸ்டில் நாசா ஏறக்குறைய 28 கோடி டொலர் உதவி ஒப்பந்தம் கொடுத்தது. இது குற்றமன்று. பொதுப் பணம் நல்ல வேலைக்குச் செல்லலாம். ஆனால் பொதுப் பணத்தாற் காப்பாற்றப்பட்டவன் "நான் தனியே ஏறினேன்" என்று சொல்ல முடியாது.

குவாஜலீனில் ஏன் அமெரிக்க இராணுவத் தளம் இருக்கிறது? 1946க்கும் 1958க்கும் இடையில் அமெரிக்கா மார்ஷல் தீவுகளில் 67 அணுகுண்டுப் பரிசோதனைகளை நடத்தியது. 1960களில் ஏவுகணைப் பரிசோதனைக்காக, குவாஜலீன் வளையத்தின் நடுப்பகுதித் தீவுகளில் வாழ்ந்த மக்கள் பெயர்க்கப்பட்டு ஈபை என்ற தீவிற் குடியமர்த்தப்பட்டார்கள். ஈபையின் பரப்பு ஏறக்குறைய 80 ஏக்கர். பல்கன் 1 ஏவப்பட்ட காலத்தில் ஏறக்குறைய 10,000 பேர் அதில் நெருங்கி வாழ்ந்தார்கள். அவர்களிற் பலர் காலையில் தோணியேறித் தளத்துக்கு வேலைக்குச் சென்று மாலையில் திரும்புபவர்கள். தளத்திலே தங்க அவர்களுக்கு உரிமையில்லை.

இவ்வநீதியை அந்த றொக்கற் கம்பனி செய்யவில்லை. அது பிறப்பதற்கு நெடுங்காலத்துக்கு முன் செய்யப்பட்டது. ஆயினும் "ஆளற்ற கடல், பாதுகாப்பான இடம்" என்று வரைபடத்தில் நாம் காணும் வெற்றிடங்களிற் பல, ஆட்களை அகற்றியதனால் வெற்றிடமானவை. தோல்விக்கு இடம் கொடுக்கும் அந்த வெறுமைக்கு முன்னரே ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். அதை அறிந்திருப்பதாவது நம் கடன்.

கம்பனி வளர வளர அதன் தோல்விகளும் பெரிதாயின. 2023 ஏப்ரில் 20ஆம் திகதி ரெக்சாஸ் மாநிலத்தின் கடற்கரையிலிருந்து 'ஸ்டார்ஷிப்' என்ற இராட்சத றொக்கற் முதன்முறையாக ஏவப்பட்டது. அத்தகைய நெருப்பைத் திசைதிருப்பும் கால்வாய் அதன் அடியில் அமைக்கப்பட்டிருக்கவில்லை. அதை அமைக்காமல் விடுவது தவறாக முடியலாம் என்று மஸ்க்கே 2020இல் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். தவறாகவே முடிந்தது. கொங்கிறீற்றுத் தளம் பிளந்து, துண்டுகள் கடலிலும் சுற்றியிருந்த ஈரநிலங்களிலும் சிதறின. பல கிலோமீற்றர் தொலைவிலிருந்த ஊரிலும் மணற்தூசி படிந்தது. றொக்கற் 4 நிமிடங்களில் அழிக்கப்பட்டது. விமானப் போக்குவரத்து அதிகாரிகள் 63 திருத்தங்களைச் செய்யும்படி பணித்தார்கள். 2025 சனவரி 16ஆம் திகதி இன்னொரு ஸ்டார்ஷிப் வானில் வெடித்தபோது, கரீபியன் கடலில் டேர்க்ஸ் அன்ட் கைகோஸ் தீவுகளின் மேல் அதன் துண்டுகள் விழுந்தன. பயணிகள் விமானங்கள் திசை மாறிச் சென்றன. தீவுவாசிகள் கடற்கரையில் ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கினார்கள். அவர்கள் அக்கம்பனியில் பங்கு வாங்கியவர்களும் அல்லர்; செவ்வாய்க்குப் போக விண்ணப்பித்தவர்களும் அல்லர். மார்ச் மாதத்தில் மறுபடியும் ஒன்று சிதறியது.

இவற்றிலெல்லாம் உயிர்ச்சேதம் நேரவில்லை என்பது ஆறுதலே. ஆனால் உயிர் ஒன்று போன இடம் வேறு. 2014இல் ரெக்சாசிலுள்ள கம்பனியின் பரிசோதனைத் தளத்தில், பாரவண்டியில் ஏற்றிய பஞ்சு போன்ற இலேசான பொருளைக் கட்டுவதற்குப் பட்டி இல்லாதபடியால் ஒரு தொழிலாளி தன் உடற்பாரத்தால் அதை அமர்த்திப் பிடிக்க அதன்மேல் அமர்ந்தார். காற்று தூக்கி வீசியது. தலை அடிபட்டு இறந்தார். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2023 நவம்பரில் இதனை விரிவாக வெளியிட்டு, 2014 முதல் அக்கம்பனியில் அதுவரை வெளிவராத 600க்கு மேற்பட்ட தொழிற்காயங்களையும் பட்டியலிட்டது. றொக்கற் விழுந்தால் இன்னொன்று செய்யலாம். அம்மனிதரின் வீட்டாருக்கு எந்த நான்காவது முயற்சியும் இல்லை. ஒரு பட்டியின் விலை எவ்வளவு? அங்கே தோற்றது விஞ்ஞானம் அன்று, அவசரம்.

எதிர்வாதமும் உண்டு

நியாயமாகப் பேசுவதாயின் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். "இவ்வளவு எச்சரிக்கை பார்த்தால் எதுவும் நடவாது, அரசாங்கங்கள் மட்டும் பாதுகாப்பாகவா செய்தன?" என்று கேட்பார்கள். உண்மைதான். 1986 சனவரி 28ஆம் திகதி 'சலேஞ்சர்' விண்ணோடம் 7 பேருடன் வெடித்தது. குளிரில் இறப்பர் வளையங்கள் இறுகிவிடும், ஏவாதீர்கள் என்று பொறியியலாளர்கள் முந்திய இரவே எச்சரித்திருந்தார்கள். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. ஆகவே அரசாங்கம், தனியார் என்ற வேறுபாடு இங்கே முக்கியமன்று. எச்சரிக்கும் சிறியவனின் குரல் மேலே சென்றடைகிறதா என்பதே முக்கியம்.

நன்மைகளையும் மறைக்கலாகாது. 2015 டிசெம்பரில் அக்கம்பனி, சுற்றுப்பாதைக்குச் சுமை அனுப்பிய றொக்கற்றின் கீழடுக்கைத் தரையில் நிமிர்ந்து இறங்கச் செய்தது. 2017இல் அவ்வாறு மீண்ட ஒன்றை மறுபடியும் ஏவியது. 2020 மே மாதத்தில் இரு வீரர்களைப் பத்திரமாக விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது. மனிதர் ஏறும் றொக்கற்றில் அவர்கள் "விழுந்து பார்ப்போம்" என்று சொல்லவில்லை, வருடக்கணக்காகச் சோதித்தார்கள். பணயம் மாறும்போது பொறுமையும் மாற வேண்டும் என்பதற்கு அவர்களே சாட்சி. அதே கம்பனியின் செய்மதி இணையச் சேவை 2025 யூலையில் நம் நாட்டிலும் ஆரம்பமானது. ஆகவே இக்கதையை அந்நியர் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது. பயனை நுகர்பவன் விலையைப் பற்றியும் கேட்கக் கடமைப்பட்டவன்.

"பசித்தவன் இருக்க வானத்துக்கேன் செலவு?" என்ற கேள்வியும் எழும். புயலை முன்கூட்டியே அறிந்து மீனவனைக் கரைக்கு அழைப்பது செய்மதிதான். ஆதலால் வானத்தை நாடுவதே பசித்தவனுக்குத் துரோகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பூமி கெட்டால் வேறு கிரகம் இருக்கிறது என்ற எண்ணம் ஒருவர் மனத்தில் நுழையுமானால் அங்கே ஆபத்து இருக்கிறது. அப்படிப் புறப்படும் கப்பலில் ஈபைத் தீவின் தொழிலாளிக்கு இடம் இருக்குமா என்று கேட்டால், விடை உங்களுக்கே தெரியும்.

நமக்குரிய கேள்விகள்

நம்மில் எவரும் றொக்கற் விடப்போவதில்லை. ஆனால் துணிந்து இறங்கும் காரியங்கள் நம் வீடுகளிலும் உண்டு. மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்துக் கடை திறப்பவர் உண்டு. தாய் தகப்பனின் காணியை விற்று வெளிநாடு புறப்படும் பிள்ளை உண்டு. சங்கத்தின் பணத்தைப் புதிய திட்டத்திற் போடும் தலைவர் உண்டு. அவர்களை நான் குறைகூறவில்லை. துணியாத குடும்பமும் துணியாத சமுதாயமும் முன்னேறுவதில்லை. ஆனால் துணியுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது: இதில் பணயமாக வைக்கப்படுவது யாருடையது? பிறருடையதானால், அவர் உண்மையை முழுவதும் அறிந்து மனமாரச் சம்மதித்தாரா, அல்லது மறுக்க முடியாத நிலையில் தலையசைத்தாரா? இரண்டாவது: தோற்றால் அந்த இழப்பைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? பணத்தைத் திருப்பலாம், பெயரைச் சிரமப்பட்டுத் திருப்பலாம், உயிரையும் உடலுறுப்பையும் திருப்ப முடியாது. திருப்ப முடியாததைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமையில்லை. மூன்றாவது: தோற்ற அன்று நான் உண்மை பேசுவேனா? கீழே நிற்பவனைக் காட்டாமல், "தீர்மானம் என்னுடையது" என்று எழுந்து நிற்பேனா?

இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை சொல்லக்கூடியவன் தயங்காமல் இறங்கலாம். அவன் மூன்று முறை விழுந்தாலும், நான்காவது முறையும் விழுந்தாலும், அவனுடைய முயற்சி மதிப்புக்குரியதே. அவன் பெயர் பாடப்புத்தகத்தில் வராமற் போகலாம். அதனால் அவன் சிறியவனாகிவிடமாட்டான். விடை சொல்ல முடியாதவன் வானத்தையே எட்டினாலும், அவன் ஏறிய படி எது என்று ஒருவர் ஒருநாள் குனிந்து பார்ப்பார்.

இனிமேல் தோற்று வந்து நிற்கும் ஒருவரை நீங்கள் சந்திக்கும்போது, அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்லித் தேற்றுங்கள், தேற்றத்தான் வேண்டும். அதன் பின்னர், சற்று ஆறியதும், "உம்முடைய தோல்வியில் வேறு யாருக்கேனும் நட்டம் வந்ததா? அவரைப் போய்ப் பார்த்தீரா?" என்றும் அன்போடு கேளுங்கள். எழுந்து நிற்பதற்கு அதுவே முதல் வேலை.